பந்தியில் உட்காராத மயிலாள்

மயிலாள் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ரேடியோ செட் குழாயில். மூலனூருக்குக் கிழக்கே நொச்சிவலசில் மாரியம்மன் நோம்பித் திருவிழா. எங்கள் ஊரிலிருந்து வண்டி கட்டிப் போயிருந்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. வேப்பமரத்து உச்சியில் கட்டியிருந்த குழாயில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. "மேக்காலத் தோட்டத்து மயிலாள், மயிலாள், எங்கிருந்தாலும் உடனே ரேடியோ செட் இருக்கும் இடத்துக்கு வரவும். அப்பா காத்திருக்கிறார்" என்று குழாய் கூப்பிட்டது. ஒரு தரம் அல்ல, நான்கு தரம். மூன்றாவது தரத்திலேயே கூட்டத்தில் பேச்சு மாறிவிட்டது. கிணற்றை எட்டிப் பார்க்க இரண்டு பேர் ஓடினார்கள். ஒரு கிழவி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் பார்த்தால் அந்தப் பெண், கூப்பிட்ட செட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே, ரிகார்டு பெட்டிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் குந்தியிருந்தாள்.

"ஏம்புள்ள, நாலு தடவ கூப்பிட்டனே, காதுல உழுகுலியா?"

"உழுந்துச்சுங்க."

"அப்பறம் எதுக்கு வாயத் தொறக்கல?"

"தொறந்தா எங்கப்பா கூட்டிட்டுப் போயிருவாருங்க. அந்தப் பாட்டுல மிச்சம் பாதி இருக்குதுங்க."

அவளுடைய அப்பா அங்கேயே ஒரு அறை வைத்தார். அறை வாங்கிக்கொண்டே அவள் செட்டுக்காரரைப் பார்த்து, "மிச்சத்தப் போடுங்க" என்றாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எட்டு மாதம் கழித்து என் அண்ணன் சென்னியப்பனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த எங்கள் அம்மா, பெண்ணின் பேர் மயிலாள், நொச்சிவலசு என்றாள்.

"குழாயில கூப்பிட்ட புள்ளையாம்மா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். எங்க உக்கார வெச்சாலும் அசையாம உக்காந்திருக்கற புள்ளன்னு சொன்னாங்க."

அசையாமல் உட்கார்ந்திருக்கிற பெண். எங்கள் அம்மா சாகிறவரை அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். என் நங்கையாவுக்குப் பாட்டென்றால் உயிர், ஆனால் பாட வராது. தாலாட்டுப் பாடினால் தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையும் எழுந்துகொள்ளும். அது அவளுக்கே தெரியும். "பாடறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கறாங்க வேலாத்தா. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல" என்பாள். கேட்பதை ஒரு வேலையைப் போலச் செய்வாள். கண்ணை மூட மாட்டாள், தலையாட்ட மாட்டாள், தாளம் போட மாட்டாள். பாடுகிறவனின் வாயையோ அடிக்கிறவனின் கையையோ பார்த்தபடி இருப்பாள். நடுவில் யாராவது பேசினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கு என் அண்ணனே பயப்படுவான்.

கிணறு வற்றிய வருடம் அவர்கள் திருப்பூருக்கு வந்தார்கள். அண்ணன் பனியன் கம்பெனியில் பவர்டேபிளில் தைக்கச் சேர்ந்தான். அவள் தையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனாள். பிறகு செக்கிங்குக்கு மாறினாள். அங்கே அவளைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. வீட்டு விஷயத்தில்தான் எல்லோருக்கும் தலைவலி.

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நாமெல்லாம் தண்ணீர் வருகிறதா, கக்கூஸ் எங்கே என்று பார்ப்போம். அவள் நடுவீட்டில் போய் நின்று பேசாமல் இருப்பாள். வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல வந்தால் கையைக் காட்டி நிறுத்துவாள். கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "பக்கத்துல யாருங்க குடியிருக்கறாங்க?" என்று கேட்பாள். தவில் வாசிக்கிறவர் ஒருவரின் சுவரை ஒட்டிய வீட்டில் மூன்று வருடம் இருந்தார்கள். அவர் தன் மகளின் ஊருக்குக் குடி போனதும் இவளும் வீடு மாறினாள். ஒரு மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் குழாயே கிடையாது, கால் மைல் போய்க் குடம் தூக்க வேண்டும். ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டை ஐப்பசியிலிருந்தே பழக ஆரம்பித்துவிடுவார்களாம்.

"தண்ணியில்லாத ஊட்டுக்குப் பாட்டுக்காவக் குடி போறவ இந்தத் திருப்பூர்லயே நீ ஒருத்திதான்" என்றான் அண்ணன்.

"தண்ணி நான்தான சொமக்கறேன்? நீங்க என்னத்தச் சொமக்கறீங்க?"

"உன்னையத்தான்."

அவன் சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு தரமும் அப்படித்தான். பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்த ஜமால் பாயின் குடோனுக்கு மேலிருந்த மாடியில் இருந்தபோது, அவர் விடிந்ததும் ரேடியோவை வைப்பார். இவள் கேட்கிறாள் என்று தெரிந்து ஜன்னல் பக்கமாகத் திருப்பியும் வைத்தார். அவர் குடோனை மாற்றியதும் இவளும் பெட்டியைக் கட்டிவிட்டாள். நான் கணக்குப் பார்த்தவரை பதினான்கு வீடு. நடுவில் ஒன்றிரண்டு எனக்கு விட்டுப்போயிருக்கும்.

இதில் மாட்டிக்கொண்டவன் அவர்களுடைய ஒரே மகன் சிவராஜ். எட்டாவது முடிப்பதற்குள் ஐந்து பள்ளிக்கூடம். ஒரு பள்ளியில் சிநேகிதம் பிடித்துப் பெஞ்சில் இடம் பிடிப்பதற்குள் அடுத்த பள்ளி. ஒரு நாள் பழைய வீட்டுக்கே போய்ப் பூட்டியிருந்த கதவின் முன்னால் பையோடு உட்கார்ந்திருந்தான். நான்தான் போய்க் கூட்டி வந்தேன். "அத்தை, எனக்கு ஊடு எதுங்கத்தை?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்கு என் நங்கையா மேல் வந்த கோபம் ஒரு வருடம் தீரவில்லை.

அந்தப் பையன்தான் கட்டிங் மாஸ்டராகி, பிறகு அருள்புரத்தில் சொந்தமாக யூனிட் போட்டு, அதற்கும் அக்கட்டால, இன்னும் தள்ளிப் பல்லடம் பக்கம் சைட் வாங்கி வீடு கட்டினான். யூனிட்டில் பகலெல்லாம் மெஷின் சத்தம். அதனால் சத்தமே இல்லாத இடமாகத் தேடி எடுத்தான். சுற்றிலும் காலி சைட். கேட்டில் வாட்ச்மேன். கிரகப்பிரவேசத்தன்று அவன் அம்மாவைக் கூட்டிப் போய் அறையைக் காட்டி, "இனி எங்கயும் மாற வேண்டாம்மா" என்றான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அண்ணன் அதற்கு முந்தைய வருடம் போய்விட்டான். அண்ணனின் சாவு வீட்டில் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவள், தப்பு அடித்தவர்களில் ஒருவனுக்கு அடி தவறியபோது அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். கூடியிருந்த பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். இவள் எங்கே ஒரு இடத்தில் தங்கப் போகிறாள் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

புது வீட்டில் பதினொரு ஜன்னல். எல்லாவற்றையும் திறந்து வைப்பாள். ஒன்றின் முன்னால் நிற்பாள், அடுத்ததற்குப் போவாள், மாடி ஏறுவாள், இறங்குவாள். உட்கார்ந்தால் எழுந்துகொள்வாள். மருமகள் சித்ரகலா நல்ல பெண், ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் ஒரு நாள் எனக்குப் போன் போட்டு, "சின்னத்தை, அத்தை துணியே போடாம வாஷிங் மெஷின ஓட உட்டுட்டுப் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருக்கறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள்.

டாக்டரிடம் காட்டினார்கள். சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. டிவி வாங்கி அவள் அறையில் வைத்தார்கள். பேத்தி கீதாஞ்சலி காலேஜ் முடித்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள், அப்பாயி மேல் உயிர். தன் முதல் சம்பளத்தில் போனோடு சேர்ந்து பாடும் உருண்டை ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தாள். என் நங்கையா இரண்டு நாள் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஏன் அப்பாயி, புடிக்கலியா?"

"நாஞ் சொன்னாப் பாடுது, நிறுத்துன்னா நிக்குது. வேலைக்காரி மாதிரி இருக்குது கண்ணு. பாவமா இருக்குது. பாட்டுன்னா அது பாட்டுக்கு வரோணும். நாம எங்கியோ இருக்கறப்ப யாரோ எதுக்கோ பாடோணும்."

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனபோதுதான் அவளுக்கு வழி கிடைத்தது. காலையில் சோறு தின்றுவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, "வேலாத்தாளப் பாத்துட்டு வாறேன்" என்று கிளம்புவாள். நான் நல்லூரில் என் மகன் மோகன்ராஜ் வீட்டில் இருக்கிறேன். உண்மையில் பாதி நாள் என்னைப் பார்க்க அவள் வரவில்லை. முகூர்த்த நாளாகப் பார்த்து மண்டபம் மண்டபமாகப் போயிருக்கிறாள். யார் வீட்டுக் கல்யாணம் என்று அவளுக்குத் தெரியாது. பெண் வீட்டார் இவளை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாயனம் முடிகிறவரை கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாள். சாப்பிட மாட்டாள். அழைக்காத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். அதில்தான் வந்தது வினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சிவராஜ் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வேட்டி துண்டோடு ஒரு பெரியவர், பட்டுச்சேலையில் அவர் பெண்டாட்டி, கூட இரண்டு பேர். கையில் பழத்தட்டு, பலகாரப் பை. சிவராஜுக்கு யாரென்று தெரியவில்லை. ஆனாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான்.

பெரியவர் உட்காரவில்லை. "என்ற பேரு நஞ்சப்பனுங்க. போன வாரம் நல்லூர் மண்டபத்துல என்ற புள்ளைக்குக் கல்யாணமுங்க. உங்கம்மா வந்திருந்தாங்க. சாப்பிடாமப் போயிட்டாங்க" என்றார்.

"எங்கம்மாவுங்களா? இருக்காதுங்க."

அவருடைய சம்சாரம் சென்னம்மாள் கைப்பையிலிருந்து கல்யாண போட்டோவை எடுத்துக் காட்டினாள். நாயனக்காரருக்குப் பக்கத்தில் என் நங்கையா, பச்சைச் சேலையில், வாசிக்கிறவரின் விரலைப் பார்த்தபடி. போட்டோ பார்க்க உட்கார்ந்த அன்று இது யார் என்று இரண்டு வீட்டாருக்கும் தெரியவில்லையாம். மேளக்காரரைக் கேட்டதற்கு, "அந்தம்மா பந்திக்கே போகலீங்க, தாலி கட்டினதும் எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றாராம். நூல் கொடுக்கிற ஒருவர் போட்டோவைப் பார்த்து, இது அருள்புரம் சிவராஜின் அம்மா என்று அடையாளம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஏதோ ஒரு சொந்தத்தை அழைக்காமல் விட்டுவிட்டோம், பெரிய மனுசி தானாகவே வந்து, கோவித்துக்கொண்டு பசியோடு போயிருக்கிறாள், புதுப்பெண் வாழப்போகிற இடத்தில் இது நல்லதில்லை என்று முடிவு கட்டிச் சமாதானம் செய்ய வந்திருக்கிறார்கள்.

"என்ன தப்பா இருந்தாலும் மன்னிச்சுருங்க சாமி" என்று சென்னம்மாள் என் நங்கையாவின் கையைப் பிடித்தாள். "புள்ள நல்லா இருக்கோணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரு நாளைக்கு எங்கூட்டுக்கு வந்து கை நனைக்கோணும்."

சிவராஜின் முகம் கறுத்துப்போனது. அழைக்காத கல்யாணத்துக்கு அவன் அம்மா போய் வருகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறவன். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, ஆனால் யார் யாருக்கு என்ன முறை என்பது மட்டும் மறக்காது.

"ஏனுங்க, உங்கம்மா எந்த ஊருங்க?" என்று நஞ்சப்பனைக் கேட்டேன்.

"கன்னிவாடிப் பக்கமுங்க."

"கன்னிவாடில கிணத்துக்காட்டு ஊடுங்களா?"

"அவங்க எங்க பெரியம்மாளக் கட்டினவங்கங்க!"

"அப்படிச் சொல்லுங்க. அந்தூட்ல எங்க நங்கையாளோட சின்ன அப்புச்சி பொண்ணெடுத்தாருங்க. அப்படிப் பாத்தா உங்களுக்கு இவங்க அக்கா மொறையாகோணுமுங்க."

பொய் இல்லை. அந்த அப்புச்சி, அதாவது அவளுடைய அம்மாவின் சித்தப்பா, பெண் கேட்டுப் போனது நிஜம், முடிந்ததா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கொஞ்சம் இழுத்துவிட்டேன். நஞ்சப்பனின் முகத்தில் அத்தனை நிம்மதி. "நான் சொன்னனல்ல, சொந்தந்தான்னு!" என்று பெண்டாட்டியைப் பார்த்தார். சிவராஜும் மூச்சு விட்டான். சித்ரகலா காபி போட உள்ளே போனாள். அந்த நேரத்தில்தான் என் நங்கையா வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க. எனக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்லீங்க. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. பஸ்ஸுல போறப்ப நாயனம் கேட்டுச்சு, எறங்கி வந்தனுங்க. உங்கூட்டுக் கல்யாணத்துல வாசிச்சவரு மூச்ச உடாம இழுத்தாருங்க, நீங்க யாராவது கேட்டீங்களா?"

நஞ்சப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எங்கீங்க கேட்டேன். பந்தியில எல போதுமான்னு பாத்துட்டிருந்தேன்."

"அதான். உங்க புள்ள நல்லா இருக்கும். மனசுல ஒண்ணும் வெக்காதீங்க."

அவர்கள் காபி குடித்துவிட்டு, பலகாரத்தை வைத்துவிட்டுப் போனார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது கூட வந்த ஒருவன் சிரித்ததைச் சிவராஜ் பார்த்துவிட்டான். கார் திரும்பியதும் ஆரம்பித்தான்.

"ஓசிச் சோத்துக்கு மண்டபம் மண்டபமாச் சுத்துறாங்கன்னு பேசுவாங்கம்மா. நான் யூனிட் வெச்சு நாப்பது பேருக்குச் சம்பளம் குடுக்கறேன்."

"நான் எங்கீடா சோறு தின்னேன்?"

"தின்னிருந்தாக்கூடப் பரவாயில்ல! பசிச்சுது, தின்னாங்கன்னு போயிருவாங்க. இது பைத்தியம்னு சொல்லுவாங்க. கீதாவுக்கு நாளைக்கு எடம் வரோணுமா வேண்டாமா? சின்னதுல என்னய ஊடு ஊடா இழுத்துட்டுத் திரிஞ்சே. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப ஒரே ஒரு ஊட்ல உக்காருன்னு சொல்றேன். அது உன்னால முடியலியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் கேட்டதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. அவளிடமும் தெரியவில்லை. அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அம்மாவைத் தனியாக வெளியே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்குச் சொல்லிவிட்டான். ஆடி முழுக்க அவள் கேட்டுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தாள். எனக்குப் போன் போடுவாள், வேறு பேச்சே பேச மாட்டாள். "அங்க என்ன சத்தம் கேக்குது?" என்பாள். எங்கள் சந்தில் நிட்டிங் மெஷின் ஓடும். நான் போனை ஜன்னலில் வைப்பேன். நான் அந்தப் பக்கம் சமையல் வேலையைப் பார்ப்பேன், அவள் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு முறை எடுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆவணியில் முதல் பெரிய முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குச் சித்ரகலா போனில் அழுதாள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரத்தில் அத்தை கேட்டைத் தாண்டிவிட்டாள், போனையும் எடுத்துப் போகவில்லை.

மோகன்ராஜ் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான். கீதாஞ்சலி ஸ்கூட்டியில் ஒரு பக்கம், சிவராஜ் காரில் ஒரு பக்கம். நல்லூர் மண்டபத்தில் சிவராஜோடு நானும் சேர்ந்துகொண்டேன். அன்றைக்குத் திருப்பூரில் கல்யாணம் இல்லாத மண்டபம் இல்லை. ஒவ்வொன்றின் வாசலிலும் பன்னீர் தெளித்து, "வாங்க வாங்க, முதல்ல சாப்பிட்டுருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். "இல்லீங்க, எங்கம்மாளத் தேடி வந்தனுங்க" என்று சிவராஜ் சொல்லுவான். "எந்தூட்டுச் சொந்தமுங்க நீங்க?" என்பார்கள். அவன் காருக்குத் திரும்புவான். ஏழு மண்டபத்தில் ஏழு முறை கேட்டார்கள். எட்டாவது மண்டபத்தில் அவன் நேராக மேளக்காரர்களிடம் போனான். தவில்காரர் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "பச்சச் சேல கட்டிட்டு வருவாங்களே, அந்தம்மாளா? ஆனிக் கடேசி முகூர்த்தத்துலயே காணமுங்க. மேலுக்கு ஏதாவது முடியலீங்களா?" என்று கேட்டார். இரண்டு பேர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "நாங்க வாசிக்கறப்ப மேடையப் பாக்காம எங்களப் பாக்கறது அவங்க ஒருத்தருதானுங்க."

சிவராஜ் காருக்கு வந்து கதவைத் திறக்காமல் நின்றான். "அத்தை, இவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது" என்றான். கிணறு, குளம், ரயில் பாதை என்று எனக்கு மனசு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுடைய போன் அடித்தது. அவன் யூனிட்டில் தையல் லைனை மேற்பார்க்கிற வடநாட்டுப் பையன் பிரதீப்.

"சார், அம்மா இங்க இருக்கு. ரூம் பக்கம். பயம் வேண்டாம். பாட்டு கேக்குது."

அருள்புரத்தில் யூனிட்டுக்குப் பின்னால், தைக்கிற பையன்களுக்காகச் சிவராஜ் கட்டிவிட்ட பத்து அறை லைன் அது. சிமெண்ட் ஷீட் போட்டது. நாங்கள் போனபோது முன்னாலிருந்த இடத்தில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பையன்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் டோலக் அடித்தான், ஒருவன் ஜால்ரா போட்டான். ஒருவன் ஒரு நோட்டைப் பார்த்து ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். நடுவில் பிளாஸ்டிக் சேரில் என் நங்கையா. டோலக் அடிக்கிறவனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் கழுவாத தட்டு ஒன்று இருந்தது. சோறும் உருளைக்கிழங்கும் தின்றிருக்கிறாள்.

முதலாளியைப் பார்த்ததும் பாட்டு நின்றது. அவள் திரும்பி அந்தப் பார்வையைப் பார்த்தாள். வந்தது மகன் என்று தெரிந்த பிறகும் அந்தப் பார்வையை மாற்றவில்லை.

"நிறுத்தச் சொல்லாதீடா. இன்னம் முடியல."

சிவராஜ் படியில் உட்கார்ந்தான். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்கள். அது நீளப் பாட்டு. முடிய அரை மணி நேரம் ஆனது. அவன் நடுவில் எழுந்திருக்கவே இல்லை. நாற்பது மண்டபம் இருக்கிற ஊரில், தன் சொந்த யூனிட்டுக்குப் பின்னால் ஞாயிறு தோறும் இது நடக்கிறது என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன்தான் அமைதிக்காக அந்தப் பக்கமே வருவதில்லையே.

கல்யாணத்துக்குப் போகத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். அருள்புரம் ஸ்டாப்பில் டோலக் கேட்டு இறங்கிவிட்டாள்.

"இங்க மட்டும் எப்படி நங்கையா சோறு தின்னீங்க?" என்று கேட்டேன்.

"வந்ததும் தட்டக் கையில குடுத்துட்டாங்க. எந்தூருன்னு கேட்டாத்தான நான் வேண்டாம்னு சொல்றதுக்கு."

"என்ன பாடறாங்கன்னு புரியுதுங்களா?"

"ஒரு எழவும் புரியல. புரிஞ்சு என்ன பண்றது? கடேசி ரூமு காலியாத்தான இருக்குது?"

அதைக் கேட்டதும் சிவராஜ் எழுந்துவிட்டான். முடியவே முடியாது என்றான். முதலாளியின் அம்மா லைன் ரூமில் இருந்தால் நாளைக்கு எவன் மதிப்பான் என்றான். அவள் சண்டை போடவில்லை. சேரிலிருந்து எழுந்து வந்து காரில் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் முழுவதும் ஜன்னல் பக்கமே போகவில்லையாம். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளாம். பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்ததாம்.

பேத்திதான் பேசினாள். நான் அங்கே இருந்தேன். "அப்பா, அது வாடக ஊடு இல்ல, நம்ம எடம். பசங்களுக்கு மெஸ் வெக்கோணும்னு நீங்களே சொல்லிட்டிருந்தீங்க. அப்பாயி மெஸ்ஸப் பாத்துக்கறாங்கன்னு சொல்லிக்கலாம்."

"எங்கம்மாளச் சமயலுக்கு வெச்சுட்டன்னு பேசுவாங்க."

"பைத்தியம்னு பேசறதுக்கு இது பரவாயில்லப்பா."

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். ஆனால் மூன்றாம் நாள் கடைசி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது, பாத்ரூம் தனியாகக் கட்டினார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். கீதாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் அம்மா வீட்டில் இருக்க வேண்டும், எங்கே இருக்கிறாள் என்று சொல்லக் கூடாது. அவள் சரி என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினாள்.

தை மாதம் ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. என் நங்கையா பட்டுக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் அம்மா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாள். மாப்பிள்ளையின் அம்மா கிளம்பும்போது, "பெரியவங்களுக்கு இந்த ஊடு நல்லாக் காத்தோட்டமா இருக்குமுங்களே" என்று பேச்சுக்குச் சொன்னாள்.

"நான் இங்க இல்லீங்களே. அருள்புரத்துல பசங்களோட லைன்ல இருக்கறனுங்க. டோலக் நல்லா வாசிக்கறாங்க, ஞாயித்துக்கெழம வாங்க."

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. சாதகம் சரியில்லை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். சிவராஜ் அதனால்தான் என்கிறான், இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோறு, மருந்து எல்லாம் தவறாமல் போகிறது, யூனிட்டிலிருந்து பின்சுவரைச் சுற்றிப் போக இருபது அடி, அவன் போவதில்லை. கீதாஞ்சலி, அப்பாயியை ஒளித்து வைத்துக் கட்டிக்கொள்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் என்கிறாள். அன்றைக்குச் சபையில் நான் இழுத்த முறையை நங்கையா ஒப்புக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்குமோ என்று எனக்கு இப்போதும் தோன்றும். நஞ்சப்பனோ என்னைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார். முறை அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவளுக்கு இந்தச் சித்திரையோடு எழுபத்தாறு முடிகிறது. இடது காது மந்தமாகிவிட்டது. மயிலாள் இப்போது அருள்புரத்தில், மகனுடைய யூனிட்டுக்குப் பின்னால் இருக்கிற லைனில், கடைசி அறையில் குடியிருக்கிறாள்.